வீட்டோடு வாங்கிய பள்ளி

(கல்வியியல் துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



கல்வி தொடர்பாக எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று அழைப்பில் எழுதியிருந்தார்கள். அந்தச் சலுகையை எடுத்துக்கொண்டு, பாடத்திட்டம், தேர்வு, பயிற்றுமொழி எதையும் தொடாமல், வரைபடத்தில் இழுக்கிற ஒரு கோட்டைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். அமெரிக்காவில் பெரும்பாலான அரசுப் பள்ளிகளுக்கு எல்லை உண்டு. இந்தத் தெருவில் குடியிருந்தால் இந்தப் பள்ளி. நாலு தெரு தள்ளிப் போனால் வேறு பள்ளி. ஒரு பள்ளி நிரம்பி வழிய, பக்கத்துப் பள்ளியில் பாதி வகுப்பறைகள் காலியாகக் கிடந்தால், கோட்டை மாற்றி வரைய வேண்டியது கல்வி நிர்வாகத்தின் வேலை. கணக்குப் போட்டால் அரை மணி நேரக் காரியம். நடைமுறையில் அது பல மாதச் சண்டை. ஒரே நிறச் சட்டை போட்ட பெற்றோர் கூட்ட அரங்கை நிரப்புகிறார்கள், வழக்கு வருகிறது, கல்வி வாரிய உறுப்பினர்கள் தேர்தலில் தோற்கிறார்கள், பள்ளிகளை நிர்வகிக்கும் கண்காணிப்பாளர்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள்.

இந்தக் கோபத்துக்கு இரண்டு விளக்கங்கள் எளிதாகக் கிடைக்கும். பெற்றோர் சுயநலக்காரர்கள் என்பது ஒன்று. அதிகாரிகள் ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்பது மற்றொன்று. இரண்டும் எனக்குப் போதவில்லை. என் கருத்து இது: அதிகாரமுள்ள எவரும் தராத ஒரு வாக்குறுதி மீறப்பட்டுவிட்டதாகப் பெற்றோர் உணர்கிறார்கள். அந்த வாக்குறுதியைக் கொடுத்தது வீட்டுச் சந்தை. அதற்கு விலை கொடுத்தவர்கள் பெற்றோர். கணக்குக் கேட்கப்படுவதோ கல்வி வாரியத்திடம். இதைச் சில படிகளாகச் சொல்கிறேன்.

1. நிரம்பிய பள்ளி பிறக்கும்போதே நிரம்பியிருக்கவில்லை

நியூயார்க் நகரின் புரூக்ளின் ஹைட்ஸ் பகுதியில் பி.எஸ். 8 என்று ஒரு தொடக்கப் பள்ளி. 2015இல் அது கொள்ளளவைத் தாண்டி நிரம்பியிருந்தது. எல்லைக்குள்ளேயே குடியிருந்த குழந்தைகள்கூட மழலையர் வகுப்பில் இடம் கிடைக்காமல் காத்திருப்போர் பட்டியலில் நின்றார்கள். ஒரு மைலுக்கும் குறைந்த தூரத்தில், வினிகர் ஹில் பகுதியில், பி.எஸ். 307இல் இடம் இருந்தது. டம்போ, வினிகர் ஹில் ஆகிய பகுதிகளை முதல் பள்ளியிலிருந்து பிரித்து இரண்டாவது பள்ளியோடு சேர்க்க நகரக் கல்வித் துறை அந்த ஆண்டு திட்டம் முன்வைத்தது.

பதினைந்து ஆண்டுகள் பின்னால் போனால் இதே பி.எஸ். 8 ஆள் சேராத பள்ளி. அக்கம்பக்கத்து வசதியான குடும்பங்கள் அதை எட்டிப் பார்க்கவில்லை. 2000க்குப் பிறகு புதிய தலைமையாசிரியரும் சில பெற்றோரும் சேர்ந்து அதைத் தூக்கி நிறுத்தினார்கள். நல்ல பெயர் வந்தது. பெயர் வந்ததும் குடும்பங்கள் வந்தன. அதே காலத்தில் டம்போவின் பழைய கிடங்குகள் விலையுயர்ந்த குடியிருப்புகளாக மாறின. அவற்றை விற்றவர்களுக்கு அந்தப் பள்ளியின் பெயரும் ஒரு விற்பனைச் சரக்கு. ஆக, இந்த நெரிசல் வெறும் மக்கள்தொகைப் பெருக்கத்தால் வந்ததன்று. ஒரு கோட்டுக்குள் நல்ல பள்ளி என்று ஊர் முடிவுகட்டினால் கோட்டுக்குள் வீடு தேடி வருவார்கள், வந்தால் நெரிசல், நெரிசல் வந்தால் கோடு நகர வேண்டும். எந்த உறுதியை நம்பி அவர்கள் வந்தார்களோ, அவர்கள் வந்ததாலேயே அந்த உறுதி நிற்க முடியாமல் போகிறது.

2. அந்தப் பக்கத்துப் பெற்றோரும் கோபப்பட்டார்கள்

செய்திகளில் இது பெரும்பாலும் ஒரு வரியாகக் கடந்து போய்விடும். நான் இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

பி.எஸ். 307இன் பிள்ளைகளில் அப்போது பெரும்பாலோர் எதிரே இருக்கிற ஃபாரகட் ஹவுசஸ் என்ற அரசுக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், ஏழைகள். டம்போ பெற்றோர் பள்ளியின் தேர்வு மதிப்பெண்ணைச் சுட்டிக்காட்டித் தயங்கினார்கள். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, ஃபாரகட் பெற்றோரின் எதிர்ப்பு. காலியிடம் நிரம்பினால், பணக்காரப் பிள்ளைகள் வந்தால், அவர்களுக்கு நல்லதுதானே என்று வெளியிலிருந்து பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

அவர்கள் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். இந்தப் பள்ளியில் வயலின் வகுப்பு இருக்கிறது, மாண்டரின் கற்பிக்கிறார்கள், அறிவியல் திட்டம் இருக்கிறது. இவற்றையெல்லாம் போராடிக் கொண்டுவந்தது நாங்கள். இத்தனை நாள் எட்டிப் பார்க்காதவர்கள் வந்து பெற்றோர் சங்கத்தைக் கைப்பற்றினால் எங்கள் குரல் என்ன ஆகும்? ஏழைப் பிள்ளைகளின் விகிதத்தைக் கணக்கிட்டு வரும் கூட்டரசு நிதி, அந்த விகிதம் குறைந்தால் நின்றுவிடாதா? பத்து ஆண்டில் பி.எஸ். 8 மாறியதுபோல இதுவும் மாறி, எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இதே பள்ளியில் இடம் இல்லாமல் போகாதா? எல்லாவற்றுக்கும் மேலாக, திட்டம் தீட்டும்போது எங்களை ஏன் கேட்கவில்லை?

கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் யாரிடமும் இல்லை. திட்டம் முதலில் விளக்கப்பட்டதும் விவாதிக்கப்பட்டதும் நிரம்பிய பள்ளியின் சிக்கலாகத்தான். காலியான பள்ளி அந்தக் கணக்கில் ஒரு கொள்கலன்.

தன் மகளை இந்தப் பள்ளியில் முன்பே சேர்த்திருந்த இதழாளர் நிக்கோல் ஹானா-ஜோன்ஸ் 2016 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் இதழில் இதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். கல்வியில் பாகுபாடு பற்றி ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். தன் குழந்தைக்கு எது நல்லது, எல்லாக் குழந்தைகளுக்கும் எது நல்லது என்ற இரண்டு கேள்விகளையும் ஒரே ஆள் சுமக்கும்போது என்ன ஆகிறது என்பதை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

2016 ஜனவரியில் பதின்மூன்றாம் வட்டாரத்தின் பெற்றோர் கல்விக் குழு வாக்கெடுத்துத் திட்டத்தை ஏற்றது. நியூயார்க்கில் எல்லையை மாற்றக் கல்வித் துறை முன்மொழியலாம். ஒப்புதல் தரும் அதிகாரம் இந்தக் குழுவிடம் இருக்கிறது. மேயரிடம் பெரும்பாலான அதிகாரம் குவிந்த பிறகு பெற்றோர் கையில் மிஞ்சிய சில அதிகாரங்களில் இது ஒன்று. சண்டை இவ்வளவு சூடாக நடப்பதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன். வேறு பெரும்பாலானவற்றில் அவர்களுக்கு உண்மையான வாக்கு கிடையாது.

3. விலைச் சீட்டு

பொருளியலாளர் சாண்ட்ரா பிளாக் 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புறநகர்களில், பள்ளி எல்லைக்கோட்டின் இரு பக்கமும் அடுத்தடுத்து இருக்கும் வீடுகளை ஒப்பிட்டார். தெரு ஒன்று, மரங்கள் ஒன்று, ஊராட்சி ஒன்று. பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலாக உள்ள பள்ளியின் பக்கம் இருக்கும் வீட்டுக்கு ஏறத்தாழ 2.5 சதவீதம் அதிக விலை கொடுக்கப் பெற்றோர் தயாராக இருந்தார்கள். அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை என்று நாம் சொல்கிறோம். கட்டணம் இருக்கிறது, அதை வங்கி மாதாமாதம் முப்பது ஆண்டுக்கு வசூலிக்கிறது.

நம் ஊரில் கூட்டமான பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள். வீடு வாங்குவது அங்கே அப்படி ஒரு துண்டு. ஓட்டுநரும் நடத்துநரும் அதற்கு எந்த உத்தரவாதமும் தரவில்லை. ஆனால் துண்டை எடுத்துவிட்டு ஒருவர் உட்கார்ந்தால் பேருந்தே இரண்டாகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? மேரிலாந்து மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1967இலேயே, பெர்ன்ஸ்டைன் வழக்கில், குறிப்பிட்ட ஒரு பள்ளியில்தான் படிப்பேன் என்ற உரிமை எந்தக் குழந்தைக்கும் கிடையாது என்று தெளிவாக்கிவிட்டது. வாரியத்தின் முடிவு தான்தோன்றித்தனமானது அல்லது சட்டத்துக்குப் புறம்பானது என்று காட்டினால் ஒழிய அதை மாற்ற முடியாது. வீட்டு விளம்பரங்களின் அடியில் பொடி எழுத்தில், பள்ளி விவரத்தை நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று இருக்கும். மேலே பெரிய எழுத்தில் பள்ளியின் பெயரும், பத்துக்கு இத்தனை என்ற மதிப்பீடும் இருக்கும். பெற்றோர் பெரிய எழுத்தைப் படிக்கிறார்கள்.

4. நாகரிகம் பேணும் ஊரில்

மேரிலாந்தின் ஹோவர்டு கவுன்டி அமெரிக்காவின் மிக வசதியான பகுதிகளில் ஒன்று. அதன் நடுவில் இருக்கும் கொலம்பியா நகரை ஜேம்ஸ் ரௌஸ் 1967இல் தொடங்கினார். எல்லா இனத்தவரும், எல்லா வருமானத்தவரும் ஒரே ஊரில் கலந்து வாழ வேண்டும் என்பது அவர் திட்டம். நாகரிகமாக நடந்துகொள்ளுங்கள் என்பது அந்தக் கவுன்டியில் கார்களின் பின்னால் ஒட்டியிருக்கும் வாசகம்.

2019 ஆகஸ்டில் அங்கே கண்காணிப்பாளர் மைக்கேல் மார்ட்டிரானோ, ஏறத்தாழ 58,000 மாணவர்களில் சுமார் 7,400 பேரை வேறு பள்ளிகளுக்கு மாற்றும் திட்டத்தை முன்வைத்தார். இரண்டு நோக்கங்கள்: சில பள்ளிகளின் நெரிசலைக் குறைப்பது, ஏழைப் பிள்ளைகள் சில பள்ளிகளிலேயே குவிந்திருப்பதைத் தளர்த்துவது. இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெறுவோரின் விகிதம்தான் அங்கே ஏழ்மையின் அளவுகோல். மாணவரை இனத்தின் பெயரால் தனித்தனியாகப் பிரித்து ஒதுக்குவதற்கு 2007இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கடும் கட்டுப்பாடு விதித்துவிட்டதால், வருமானத்தைக் கொண்டே கணக்கிட வேண்டியிருந்தது.

அடுத்த மூன்று மாதம் அந்த ஊர் ஊராக இல்லை. ஆயிரக்கணக்கான கடிதங்கள், மின்னஞ்சல்கள். இரவு நெடுநேரம் நீண்ட விசாரணைக் கூட்டங்கள். கண்காணிப்பாளருக்குக் கொலை மிரட்டல் வரை போனது. கவுன்டியைத் திட்டமிடுவோர் அதைப் பல நூறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பாலிகன் என்று எண்ணிட்டு வைத்திருக்கிறார்கள். அதுவரை எவருக்கும் தெரியாத அந்த எண், சில வாரங்களில் குடும்பங்களின் அடையாளமாகிவிட்டது. மேடைக்கு வந்தவர்கள் தெருப் பெயரைச் சொல்லாமல் பாலிகன் எண்ணைச் சொல்லித் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள்.

எதிர்த்தவர்களில் கணிசமானோர் சீனர், கொரியர், இந்தியர். அந்தக் கவுன்டியின் மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஆசிய வம்சாவளியினர். அமெரிக்காவில் உறவினர் உள்ள எவருக்கும், “நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பாத்து வீடு வாங்கியிருக்கோம்” என்ற வாக்கியம் பழக்கமானது. தாத்தா சொத்தோ, சிபாரிசோ, அந்த ஊரில் வேர்விட்ட உறவோ இல்லாத ஒரு குடும்பம், தன் உழைப்பு முழுவதையும் ஒரே பொருளாக மாற்றி வைக்கிறது. அந்தப் பொருள் ஒரு முகவரி. சிறிய வீடு, பெரிய கடன், நல்ல பள்ளி. அந்தக் கணக்கைப் போட்டவர்களிடம் போய், முகவரி அப்படியேதான் இருக்கிறது, பள்ளி மட்டும்தான் மாறுகிறது என்று சொன்னால் அவர்கள் காதில் என்ன விழும்? இவர்களைப் பேராசைக்காரர்கள் என்று எழுதிய உள்ளூர்க் குரல்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதேபோல, நாங்கள் உழைத்து வந்தோம், அவர்களும் உழைக்கட்டும் என்று பேசிய நம்மவர்களோடும் இல்லை. பக்கத்துப் பள்ளியில் படிக்கும் குழந்தையின் பெற்றோரும் உழைக்கிறார்கள், பெரும்பாலும் இரண்டு வேலை.

ஒரு விஷயத்தில் எதிர்ப்பாளர்களின் கேள்வி நியாயமானது. எங்கள் பள்ளியில் நெரிசலே இல்லையே, நெரிசல் பெயரைச் சொல்லி எங்களை ஏன் நகர்த்துகிறீர்கள் என்று சிலர் கேட்டார்கள். இரண்டு நோக்கங்களை ஒரே வரைபடத்தில் போட்டால் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ஏழ்மைக் குவியலைத் தளர்த்துவது நல்ல நோக்கம் என்றால் அதை அதன் பெயரிலேயே சொல்லி வாதாட வேண்டும். நவம்பர் 21 அன்று வாரியம் ஏற்ற திட்டத்தில் மாற்றப்பட்டவர்கள் சுமார் 5,400 பேர்.

5. சண்டையே நடக்காத ஊர்கள்

இதுவரை சொன்னதைக் கேட்டு, புரூக்ளினிலும் ஹோவர்டிலும் மட்டும்தான் பாகுபாடு இருக்கிறது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. மேரிலாந்தில் ஒவ்வொரு கவுன்டியும் ஒரே கல்வி மாவட்டம். மொத்த மாநிலத்துக்கும், பால்டிமோர் நகரையும் சேர்த்து, 24தான். வசதியானவரும் ஏழையும் ஒரே வாரியத்தின் கீழ் இருப்பதால் கோட்டை நகர்த்த முடிகிறது, அதனால் சண்டை வருகிறது. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டிலோ நூற்றுக்கு மேற்பட்ட குட்டிக் கல்வி மாவட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வாரியம், தனி வரி. ஒரு மாவட்டத்திலிருந்து அடுத்ததற்குக் குழந்தைகளை மாற்ற எந்த வாரியத்துக்கும் அதிகாரம் இல்லை. டெட்ராய்ட் நகரையும் அதன் புறநகர்களையும் சேர்த்துப் பாகுபாட்டைத் தீர்க்க முயன்றபோது, 1974இல் மில்லிகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதைத் தடுத்தது. நீதிபதி தர்குட் மார்ஷல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அன்றிலிருந்து மாவட்ட எல்லை கல்மேல் எழுத்து.

எனவே முழுப் பணமும் வைத்திருப்பவர் தனி மாவட்டத்துக்குள் வீடு வாங்கிவிடுகிறார். அவர் வீட்டுக்கு எந்த நோட்டீசும் வராது, அவர் எந்தக் கூட்டத்திலும் நின்று பேச வேண்டியதில்லை. கூட்டங்களில் கத்துகிறவர்கள் அதற்கு ஒரு படி கீழே இருப்பவர்கள். அமெரிக்கப் பாகுபாட்டைக் கூட்டக் குறிப்புகளை மட்டும் வைத்து ஆராய்ந்தால் ஆய்வு பிழையாகும் என்று இங்குள்ள முனைவர் பட்ட மாணவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். நம் தமிழ்நாட்டில் இந்தச் சண்டை ஏன் இல்லை என்று கேட்பீர்கள். இங்கே கோட்டின் வேலையைக் கட்டணம் செய்துவிடுகிறது.

6. எதைக் காக்கலாம், எதைக் காக்க முடியாது

பெற்றோரின் குரலில் இரண்டு பொருள்கள் கலந்து வருகின்றன. ஒன்று, குழந்தையின் தொடர்ச்சி: இரண்டாம் வகுப்புத் தோழி, தன் பெயர் தெரிந்த ஆசிரியை, அண்ணன் படிக்கும் அதே கட்டடம். மற்றொன்று, வீட்டின் விலை. இரண்டாவதைச் சபையில் யாரும் சொல்வதில்லை. முதலாவதன் தோளில் ஏறி அது வருகிறது. நிர்வாகத்தின் திறமை, முதலாவதற்கு முழுமையாக விட்டுக்கொடுத்து, இரண்டாவதற்கு விட்டுக்கொடுக்காமல் இருப்பதில் இருக்கிறது.

நியூயார்க்கில் எல்லை மாறினால் பெரும்பாலும் புதிதாக மழலையர் வகுப்பில் சேருவோருக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே படிப்பவர்கள் அங்கேயே முடிக்கலாம். பல மாவட்டங்களில் இறுதியாண்டு மாணவர்களை நகர்த்துவதில்லை. இதனால் நெரிசல் மெதுவாகத்தான் குறையும். குறையட்டும். இந்தச் சலுகை கொடுத்த பிறகும் கோபம் அதே அளவில் இருந்தால், அது எதைப் பற்றிய கோபம் என்று தெரிந்துவிடும்.

அடிக்கடி மாற்றுவது வேறு வகைத் தவறு. வட கரோலினாவின் வேக் கவுன்டி 2000இல், எந்தப் பள்ளியிலும் ஏழைப் பிள்ளைகள் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இலக்கு வைத்தது. நாடே பாராட்டியது. ஆனால் ஊர் வேகமாக வளர, ஆண்டுதோறும் ஏதாவது ஒரு பகுதியின் பிள்ளைகள் இடம் மாற்றப்பட்டார்கள். போதாததற்கு, இடத்தை மிச்சப்படுத்த ஆண்டு முழுவதும் சுழற்சி முறையில் இயங்கும் பள்ளிகளும் கட்டாயமாயின. 2009 வாரியத் தேர்தலில் எதிர்ப்பாளர்கள் வென்றார்கள், அடுத்த ஆண்டே கொள்கை கைவிடப்பட்டது. 2011இல் அவர்களும் பெரும்பான்மை இழந்தார்கள். டோபி பார்சல், ஆண்ட்ரூ டெய்லர் இருவரும் இதைப் பற்றி 2015இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார்கள். பலதரப்பட்ட பள்ளி வேண்டும் என்று நினைத்த பெற்றோரே, அடுத்த ஆண்டு தம் பிள்ளை எங்கே படிக்கும் என்று தெரியாத நிலையில் மறுபக்கம் சாய்ந்தார்கள் என்பது என் வாசிப்பு.

எனவே என் யோசனைகள் எளியவை. குறிப்பிட்ட ஆண்டு இடைவெளியில், முன்கூட்டியே அறிவித்து, சிறிய அளவில் எல்லையைத் திருத்துங்கள். பத்துப் பதினைந்து ஆண்டு தொடாமல் விட்டால் கோடு சொத்தாகிவிடும். முதல் கூட்டத்தைப் பிள்ளைகளை ஏற்கப்போகும் பள்ளியில் நடத்துங்கள், மாலை வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய நேரத்தில், மொழிபெயர்ப்பாளரோடு. வீடு கட்டி விற்பவரையும் கணக்கில் சேருங்கள். ஹோவர்டு கவுன்டியில் பள்ளிகள் நிரம்பியிருந்தால் புதிய குடியிருப்புத் திட்டங்களைக் காத்திருக்க வைக்கும் சட்டம் 1992 முதல் இருக்கிறது. 2018இல் அதைக் கடுமையாக்கினார்கள். அது போதாது. பள்ளியின் பெயரைச் சொல்லி வீடு விற்கிறவர், அந்தப் பள்ளி மாறக்கூடியது என்பதையும் கடைசியாக எல்லை மாறிய ஆண்டையும் அதே அளவு எழுத்தில் அச்சிட்டு, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒரு விதி போட்டால், பத்து விசாரணைக் கூட்டங்கள் செய்யாததை அது செய்யும். வீட்டு விலை கொஞ்சம் இறங்கும். அதனால்தான் அந்த விதியை எவரும் இன்னும் பெரிதாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.